கண்டெடுத்தவர் கழுத்தில் மாலை விழுவதில்லை
பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராக நடக்கும் விளையாட்டு ஆசான்களின் கதை

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில் பள்ளி விளையாட்டு விழாக்கள் முடிந்த கையோடு ஒரு காட்சியைக் காணலாம். மாலை மங்கும் நேரம். திருவனந்தபுரத்திலிருந்து ரயிலில் திரும்பிய குமாஸ்தாவோ, வாழைத் தோட்டத்து வேலை முடித்து வந்த தொழிலாளியோ அப்போதுதான் கை கால் கழுவித் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். முன்பின் தெரியாத ஒருவர் வந்து நிற்பார். கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு நோட்டுப் புத்தகம். "உங்கள் மகளை மைதானத்தில் பார்த்தேன். உங்கள் வீட்டில் எல்லாரும் இந்த உயரம்தானா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும்.

தகப்பனுக்குச் சந்தேகம். பெண் கேட்டு வந்தவரா? இன்ஷூரன்ஸ் ஏஜண்டா? உள்ளிருந்து எட்டிப் பார்க்கும் தாய்க்கோ அதைவிடப் பெரிய சந்தேகம். வந்தவர் இரண்டும் அல்ல. அவர் ஏதாவது ஒரு கல்லூரியின், அல்லது விளையாட்டு விடுதியின், துணைப் பயிற்சியாளர். ஆள் தேடி வந்திருக்கிறார்.

"எங்களிடம் அனுப்புங்கள். தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார் அவர். அன்றிரவு அந்த வீட்டில் விளக்கு அணைய நேரமாகிறது. பிள்ளையை அனுப்புவதா, வேண்டாமா?

இப்படி வீடு வீடாக ஏறி இறங்கும் மனிதர்களின் பெயர் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வருவதில்லை. ஆனால் பெரிய எழுத்தில் வருகிற பெயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இவர்களில் ஒருவர் இருக்கிறார்.

அமெரிக்காவில் இது ஒரு தனித் தொழில்

கூடைப்பந்து விளையாட்டு 1891-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களுக்காகப் பழக்கூடையைப் பால்கனியில் மாட்டி இதை ஆரம்பித்தார். அவர் பணியாற்றியது ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. அதே ஒய்.எம்.சி.ஏ.யைச் சேர்ந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். தென்னாட்டின் பள்ளிகளில் விசிலை ஊதிய எத்தனையோ டிரில் மாஸ்டர்கள் அங்கே படித்து வெளியே வந்தவர்களே.

அமெரிக்கக் கல்லூரிகளில் கூடைப்பந்து பெரும் பணம் புரளும் விஷயம். தலைமைப் பயிற்சியாளர் ஒருவர். அவருக்குக் கீழே துணைப் பயிற்சியாளர்கள் சிலர். மைதானத்தில் பயிற்சி கொடுப்பது அவர்களுடைய வேலையில் ஒரு பாதிதான். மறு பாதி பயணம். ஊர் ஊராகப் போய்ப் பள்ளி ஆட்டங்களைப் பார்ப்பது, நல்ல பையன் என்று தோன்றினால் அவன் ஆசிரியரை விசாரிப்பது, பிறகு அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தாய் தகப்பனிடம் பேசுவது. நெடுங்காலம்வரை இவர்கள் தரக்கூடியதாக இருந்தது முக்கியமாக ஒன்றுதான்: படிப்புச் செலவை ஏற்கும் உதவித்தொகை. ஒரே பையனுக்குப் பத்துக் கல்லூரிகள் போட்டி போடுவதால் எப்போது அவனை நேரில் சந்திக்கலாம், எப்போது சந்திக்கக் கூடாது என்பதற்கெல்லாம் கல்லூரி விளையாட்டுச் சங்கம் சட்டம் வகுத்திருக்கிறது.

நம் நாட்டில் அத்தனை பணமும் இல்லை, அத்தனை சட்டமும் இல்லை. ஆனால் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பஞ்சாபில் லூதியானா கூடைப்பந்துப் பயிற்சிக் கழகத்தில் பிள்ளைகளை உருவாக்கியவர் எஸ். சுப்பிரமணியன். பெயரே தென்னாட்டைச் சொல்லும். பல்லோ கே என்ற சிற்றூரிலிருந்து அங்கே வந்து சேர்ந்த சத்னாம் சிங் என்ற விவசாயி மகன் 2010-ல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா போனான். 2015 ஜூனில் டல்லாஸ் அணி அவனைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக்கு இப்படித் தேர்வான முதல் இந்தியன் அவனே. அந்த நாளைக் காண சுப்பிரமணியன் இல்லை. அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

ஆசானின் தொழிலில் இது ஒரு விதி போலும். விதைத்தவர் ஒருவர்; விளைச்சலை ஊர் பார்க்கும்போது அவர் வரப்பில்கூட நிற்பதில்லை.

மணியூர்க்காரர்

கேரளத்தில் இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம் அனைத்தையும் ஒரே வாழ்க்கையில் பார்க்க வேண்டுமானால் ஓ.எம். நம்பியாரைப் பார்க்க வேண்டும். கூடைப்பந்து அல்ல, ஓட்டம் அவர் துறை. ஆனால் வேலை அதே வேலைதான்: பிள்ளையைக் கண்டெடுப்பது, வீட்டாரைச் சம்மதிக்க வைப்பது, வளர்ப்பது, பிறகு ஒதுங்கி நிற்பது.

1932-ல் பிறந்தவர் நம்பியார். வடகரையை அடுத்த மணியூர் அவர் ஊர். கோழிக்கோடு குருவாயூரப்பன் கல்லூரியில் படித்தபோதே ஓட்டத்தில் பெயர் எடுத்தார். 1955-ல் விமானப் படையில் சேர்ந்தார். படைகளுக்கிடையிலான போட்டிகளில் பதக்கங்கள் வாங்கினார். இந்தியாவுக்காக ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. அது கடைசிவரை கைகூடவில்லை.

தனக்குக் கிடைக்காததை இன்னொருவருக்கு வாங்கிக் கொடுப்போம் என்று நினைத்தாரோ என்னவோ, பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தில் பயிற்சியாளர் பட்டயம் பெற்றார். 1970-ல் விமானப் படையிலிருந்து விலகினார்.

அப்போது கேரள விளையாட்டுக் கவுன்சிலை நடத்தி வந்தவர் கர்னல் ஜி.வி. ராஜா. பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் செய்தவர். திருவனந்தபுரத்துக்கு விமான நிலையமும் கோவளத்துக்கு உல்லாசப் பயணிகளும் வரக் காரணமாக இருந்தவர். அவர் அழைப்பின் பேரில் நம்பியார் கேரளத்துக்கு வந்தார். 1971 ஏப்ரல் 30-ஆம் தேதி குலு பள்ளத்தாக்கில் நடந்த விமான விபத்தில் ராஜா இறந்துபோனார். அவர் பிறந்த நாளான அக்டோபர் 13 இன்றும் கேரளத்தில் விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது. திருவனந்தபுரத்தை அடுத்த அருவிக்கரை மயிலத்தில் இருக்கும் விளையாட்டுப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நடையைப் பார்த்தார்

1976-ல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்காக ஒரு விளையாட்டுப் பிரிவை ஏற்படுத்தியது. பள்ளிச் சிறுமிகளைச் சேர்த்து, தங்க வைத்து, படிக்கவும் ஓடவும் வைக்கும் விடுதி. நம்பியார் அங்கே பயிற்சியாளர். வந்து குவிந்த சிறுமிகளில் பய்யோளியைச் சேர்ந்த ஒல்லியான பெண் ஒருத்தி இருந்தாள். 1964-ல் பிறந்தவள். வசதியில்லாத குடும்பம். நோயும் அடிக்கடி வரும்.

வேறொருவராக இருந்தால் நோஞ்சான் என்று தள்ளியிருப்பார். நம்பியார் அவள் ஓடுவதைப் பார்க்கும் முன்பே நடப்பதைப் பார்த்தார். ஒல்லி உடம்பும் அந்த வேக நடையுமே தம் மனத்தில் பதிந்தன என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். அந்தச் சிறுமிதான் பி.டி. உஷா.

இதுதான் தேடுகிறவரின் கண். மைதானத்தில் முதலாவதாக வருகிறவரை எல்லாரும் பார்ப்பார்கள். அதற்குப் பயிற்சியாளர் தேவையில்லை. நான்காவதாக வரும் பிள்ளையின் கணுக்காலைப் பார்ப்பதும், தோற்ற பிறகு அது என்ன செய்கிறது என்று கவனிப்பதும், தாய் தகப்பனின் உயரத்தை வைத்து இரண்டு வருஷத்தில் எவ்வளவு வளரும் என்று கணக்குப் போடுவதும்தான் தொழில்.

1978-ல் கொல்லத்தில் நடந்த மாநிலங்களுக்கிடையிலான ஜூனியர் போட்டியில் உஷா ஆறு பதக்கங்கள் வாங்கினார். 1980-ல் மாஸ்கோ ஒலிம்பிக்ஸ், வயது 16. 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி. செயற்கை ஓடுதளம் ஏது? பய்யோளிக் கடற்கரை மணல்தான் பயிற்சிக் களம். மணலில் கால் புதையப் புதைய ஓடிப் பழகியவருக்கு 'பய்யோளி எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வந்தது.

நூற்றில் ஒரு பங்கு விநாடி

அதே 1982 டில்லியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர் எம்.டி. வல்சம்மா. இவர் கதையில்தான் நாம் முதலில் சொன்ன கல்லூரிப் பயிற்சியாளர் வருகிறார். கண்ணூர் மாவட்டத்து மலையோரக் கிராமத்துப் பெண்ணான வல்சம்மா, பாலக்காடு மெர்சி கல்லூரிக்குப் படிக்க வந்தார். அங்கே அவருக்குப் பயிற்சியளித்தவர் ஏ.கே. குட்டி. கல்லூரி மைதானத்திலிருந்து அந்தப் பெண் ஆசியாவின் முதலிடத்துக்குப் போனார். தெற்கு ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. அடுத்த ஆண்டே மாணவிக்குப் பத்மஸ்ரீ. குட்டிக்குத் துரோணாச்சாரியர் விருது வந்த ஆண்டு 2010. தங்கத்துக்கும் அதற்கும் நடுவே 28 ஆண்டுகள்!

நம்பியார் தம் மாணவியையும் தடை ஓட்டத்துக்குத் திருப்பினார். 1984-ல் உஷா, ஆசிய சாம்பியன் வல்சம்மாவையே முந்தினார். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் இறுதிப் போட்டிக்கும் வந்துவிட்டார்.

1984 ஆகஸ்டு 8. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ரேடியோவுக்கு முன் காத்திருந்தவர்கள் அந்த நாளை மறக்க மாட்டார்கள். ஒருவர் முந்திப் புறப்பட்டுவிட்டதால் ஓட்டம் மறுபடி தொடங்கப்பட்டது. மொராக்கோவின் நவால் முதலாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41 விநாடி. உஷாவின் நேரம் 55.42.

நூற்றில் ஒரு பங்கு விநாடி! கண் இமைப்பதற்கு ஆகும் நேரத்தைவிடக் குறைவு. கோட்டைத் தொடும்போது நெஞ்சை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டியிருந்தால் பதக்கம் என்று ஊரெல்லாம் பேசியது. ஓடியவருக்கு அழ ஒரு நாடே தோள் கொடுத்தது. சொல்லிக் கொடுத்தவருக்கு? எங்கே விட்டோம், எதைச் சொல்லாமல் விட்டோம் என்று அந்த ஒரு பங்கு விநாடியைத் தேடிக்கொண்டே மீதி வாழ்நாளைக் கழிக்க வேண்டியதுதான்.

அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை. அடுத்த ஆண்டே ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உஷாவுக்கு ஐந்து தங்கம், ஒரு வெண்கலம். 1986-ல் சியோல் ஆசிய விளையாட்டுகளில் நான்கு தங்கம், ஒரு வெள்ளி.

36 ஆண்டு இடைவெளி

1985-ல் மத்திய அரசு துரோணாச்சாரியர் விருதை ஏற்படுத்தியது. முதல் ஆண்டிலேயே அது நம்பியாருக்குக் கிடைத்தது. அதே 1985-ல் உஷாவுக்குப் பத்மஸ்ரீ. நம்பியாருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2021-ல். இரண்டுக்கும் இடையே 36 ஆண்டுகள். அறிவிப்பு வந்தபோது அவருக்கு வயது 88. உடல் தளர்ந்து, நோயோடு வீட்டில் இருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் தேதி காலமானார்.

சுமார் 14 ஆண்டு காலம் ஒன்றாக உழைத்த ஆசானும் மாணவியும் 1990 வாக்கில் பிரிந்தார்கள். இந்தத் தொழிலில் அதுவும் ஒரு பகுதி. பெற்ற மகளைப் போல் வளர்த்தாலும் ஒரு நாள் அவள் தன் வழியே போக வேண்டும். மணம் முடித்து அனுப்பும் தகப்பனுக்காவது பந்தலில் ஓர் இடம் உண்டு. ஆசானுக்கு அதுகூட இல்லை.

ஆனால் வித்தை அறுந்து போவதில்லை. உஷா 2002-ல் தாமே ஒரு தடகளப் பள்ளியைத் தொடங்கினார். ஒரு காலத்தில் நம்பியார் செய்ததுபோல அவரும் ஒல்லியான சிறுமிகளின் நடையைப் பார்க்கத் தொடங்கினார். அவர் வளர்த்த டின்டு லூக்கா 2015-ல் ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். 2022-ல் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக உஷா தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எல்லையில் இரண்டு பாதை

இதெல்லாம் வடகேரளத்துக் கதை, நமக்கென்ன என்று பாறசாலைக்காரர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் மாமன் வீடு, அப்பால் மச்சான் வீடு என்று ஆயிற்று. கல்யாணத்துக்கும் சாவுக்கும் எல்லை குறுக்கே நிற்பதில்லை. ஆனால் ஓடுகிற பிள்ளைக்கு நிற்கிறது. இப்பால் படிக்கும் பிள்ளை உபஜில்லா, ரெவின்யூ ஜில்லா, மாநிலம் என்று கேரளப் படிகளில் ஏற வேண்டும். அப்பால் படிக்கும் பிள்ளைக்குக் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று தமிழ்நாட்டுப் படிகள். கல்லூரியிலும் அப்படியே. தனுவச்சபுரத்தில் படித்தால் கேரளப் பல்கலைக்கழக அணி. மார்த்தாண்டத்தில் படித்தால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணி. ஒரே குடும்பத்து அண்ணன் தம்பி தென்மண்டலப் போட்டியில் எதிரெதிரே நிற்கவும் கூடும்.

இதைத் தொல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் தேடி வருகிறவர்களும் இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம் அல்லவா? பாறசாலைக்குத் தெற்கே, கடலோரத்தில், கேரளத்தின் கடைசி ஊர்களில் ஒன்று பொழியூர். மீனவர் கிராமம். அங்கே மணலில் கால்பந்து ஆடிய பிள்ளைகள் பலர் சந்தோஷ் டிராபி அணிவரை போயிருக்கிறார்கள். 2018 ஏப்ரல் 1-ஆம் தேதி கல்கத்தாவில் மேற்கு வங்கத்தைத் தோற்கடித்துக் கோப்பையை வென்ற கேரள அணியில் பொழியூர் சீசன் இருந்தார். அதே கடற்கரையில் சிறிது தூரம் நடந்தால் தமிழ்நாட்டின் தூத்தூர்ப் பகுதி. அங்கிருந்து புறப்பட்ட மைக்கேல் சூசைராஜ் இந்திய அளவில் பெயர் பெற்ற கால்பந்து வீரர். ஒரே மணல், ஒரே கடல். சட்டையின் நிறம் மட்டும் வேறு.

அனுப்புவதா, வேண்டாமா?

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தகப்பனிடம் திரும்புவோம். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆயிரம் பிள்ளைகள் ஓடினால் ஒருத்திதான் உஷா. மற்ற 999 பேர் என்ன ஆனார்கள்? முழங்கால் ஒருமுறை பிசகினால் விடுதிப் படுக்கை பறிபோகலாம். படிப்பும் பாதியில் நின்றுவிட்டால் பிள்ளை இரண்டுங்கெட்டானாகத் திரும்பி வரும்.

மறுபக்கமும் இருக்கிறது. கோட்டயத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ் முதலில் கைப்பந்து ஆடிய பெண். உயரத்தைப் பார்த்துக் கூடைப்பந்துக்கு மாறினார். சங்ஙனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரி, பிறகு சென்னையில் தெற்கு ரயில்வே வேலை, ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் அணி, இந்திய அணியின் தலைமை, 2011-ல் அமெரிக்கப் பெண்கள் அணிகளின் தேர்வு முகாம் என்று போனது அவர் வாழ்க்கை. அர்ஜுனா விருதும் வந்தது. எல்லாரும் ஆஸ்திரேலியா போக முடியாது. ஆனால் ரயில்வே, போலீஸ், மின்சார வாரியம் ஆகிய இடங்களில் விளையாட்டு வழியாக உத்தியோகம் பெற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கு வயதாகும்வரை எழுதிக்கொண்டிருக்கும் நம் வீடுகளில் அதை அலட்சியப்படுத்த முடியாது.

ஆகவே, வந்தவரிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். விடுதியில் இரவில் பிள்ளைகளுக்குப் பொறுப்பு யார்? எத்தனை மணி நேரம் படிப்பு, எத்தனை மணி நேரம் பயிற்சி? அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது? விளையாட முடியாமல் போனால் படிப்பை முடிக்க விடுவீர்களா? இதற்குமுன் நீங்கள் அழைத்துப் போன பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். உண்மையான ஆசான் அதற்குப் பெயர் பெயராகப் பதில் சொல்லுவார். தோற்றுப்போன பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரிந்திருக்கும். பதில் சொல்லாமல் கோப்பைகளைப் பற்றிப் பேசுகிறவரிடம் பிள்ளையைக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று: பிறந்த தேதிச் சான்றிதழில் கை வைக்கச் சொல்லுகிறவரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். வயதைக் குறைத்து வாங்கிய பதக்கம் ஒரு நாள் வேலைக்கே உலை வைக்கும். பிள்ளை கலந்துகொண்ட ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் பத்திரப்படுத்த வேண்டும். நாளைக்குக் கல்லூரிச் சேர்க்கைக்கும் உத்தியோகத்துக்கும் வாயால் சொன்னது உதவாது, காகிதம்தான் பேசும்.

நல்ல ஆசான் கிடைத்தால் என்ன செய்வது? ஒரு டம்ளர் சாயா கொடுத்து உட்காரச் சொல்லலாம். பஸ் பிடித்து, நடந்து, விலாசம் விசாரித்து வந்திருக்கிறார். அவர் கண்டெடுக்கும் பிள்ளை ஜெயித்தால் மாலை பிள்ளைக்கு. தோற்றால் பழி அவருக்கு. தெரிந்தேதான் அந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார்.

மணியூரில் நம்பியார் மறைந்த செய்தி வந்தபோது, தம் வாழ்வை நடத்திய விளக்கு அணைந்தது என்ற பொருளில் அவருடைய மாணவி வருந்தினார். 1976-ல் ஒரு தகப்பன் மறுத்திருந்தால், அல்லது ஒரு பயிற்சியாளர் நோஞ்சான் என்று தள்ளியிருந்தால், அந்தப் பெண்ணின் பெயரை இன்று யாரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

பாறசாலையிலும் அமரவிளையிலும் பொழியூரிலும் பள்ளி மணி அடித்ததும் வீட்டை நோக்கி வேகமாக நடக்கும் சிறுமிகள் இருக்கிறார்கள். அவர்கள் நடையைக் கவனிக்க ஒரு கண் வேண்டும்.